வேர் மட்டும் அமெரிக்கா: ஃபிரெஞ்சு ஒயினைக் காப்பாற்றிய ஒட்டுக்கொடியின் கதை



இது கொஞ்சம் நீளமான இழை. டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதலிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிடுறேன். இது ஒயின் குடிக்கச் சொல்லும் பதிவு இல்லை. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. "ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லதாமே டாக்டர்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒரே வார்த்தைதான். இல்லை.

நான் சொல்லப்போவது ஒரு நோயின் வரலாறு. இதில் நோயாளி மனிதன் இல்லை, திராட்சைக் கொடி.

ஃபிரெஞ்சு ஒயின் பாட்டிலில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான். போர்டோ, பர்கண்டி, ஷாம்பெயின், ரோன் பள்ளத்தாக்கு. திராட்சை ரகத்தின் பெயர் பல பாட்டில்களில் இருக்கவே இருக்காது. "எங்க மண்ணோட ருசி வேற எங்கேயும் வராது" என்பது அவர்களுடைய நம்பிக்கை. மண், வெயில், சரிவு, மழை எல்லாவற்றையும் சேர்த்து 'டெர்வார்' என்று ஒரே சொல்லில் சொல்வார்கள்.

ஆனா அந்த மண்ணுக்குள்ள இறங்கியிருக்கிற வேர் யாருடையது தெரியுமா?

அமெரிக்கக் காட்டுத் திராட்சையுடையது. ஒன்றிரண்டு இடங்களில் அல்ல, ஏறக்குறைய ஃபிரான்ஸ் முழுக்க.

இது எப்படி நடந்தது? வாங்க பார்ப்போம்.

1855. மூன்றாம் நெப்போலியன் பாரிஸில் உலகக் கண்காட்சி நடத்துகிறார். அதற்காக போர்டோவின் மெடோக் பகுதி ஒயின்களை ஐந்து தரமாகப் பிரித்துப் பட்டியல் போடுகிறார்கள். இன்றைக்கும் அந்தப் பட்டியலை வைத்துத்தான் விலை பேசுகிறார்கள். ஃபிரெஞ்சு ஒயினின் பொற்காலம் என்றே பலரும் நினைத்தார்கள்.

அதற்குச் சற்று முன்புதான் அவர்கள் ஒரு கண்டத்தைத் தாண்டியிருந்தார்கள். ஒயிடியம் என்ற சாம்பல் நோய். நம்ம ஊர் விவசாயிக்கும் தெரிந்த பூஞ்சை நோய்தான் இது. இலையிலும் காயிலும் சாம்பல் பூசியது போலப் படரும். 1854-ல் ஃபிரான்ஸின் ஒயின் விளைச்சல் வெறும் 110 கோடி லிட்டர் அளவுக்கு விழுந்தது. கந்தகப் பொடி தூவித்தான் அதை அடக்கினார்கள்.

அந்த நேரத்தில் சிலர் ஒன்றைக் கவனித்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த சில கொடிகளை இந்தச் சாம்பல் நோய் அவ்வளவாகத் தொடவில்லை. அப்புறம் என்ன? ஆர்வலர்களும் நர்சரிக்காரர்களும் அமெரிக்கக் கொடிகளை வரவழைக்க ஆரம்பித்தார்கள்.

முன்னெல்லாம் பாய்மரக் கப்பல் அட்லாண்டிக்கைத் தாண்டப் பல வாரங்கள் ஆகும். கொடியில் ஒட்டிக்கொண்டு வரும் பூச்சி வழியிலேயே செத்துவிடும். இப்போது நீராவிக் கப்பல் வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு நாளில் கரை சேர்ந்துவிடலாம், பூச்சியும் உயிரோடு.

1862. ரோன் ஆற்றங்கரையில் ரோக்மோர் என்ற சிற்றூர். அங்கே போர்ட்டி என்ற ஒயின் வியாபாரிக்கு நியூயார்க்கிலிருந்து ஒரு பெட்டி அமெரிக்கக் கொடிகள் வந்தன. வீட்டுத் தோட்டத்தில் ஆசையாக நட்டு வைத்தார். 1863-ல் அந்த வட்டாரத்திலேயே ஊரார் கொடிகள் காரணம் தெரியாமல் வாட ஆரம்பித்தன.

அறிகுறிகளைக் கேளுங்க. கோடையில் இலை மஞ்சளாகும், பிறகு சிவந்து உதிரும். அடுத்த வருஷம் துளிர் குட்டையாக வரும். மூன்றாவது வருஷம் கொடி செத்திருக்கும். நடுவில் ஒரு கொடி போகும், பிறகு அதைச் சுற்றி வட்டமாகப் பரவும். துணியில் எண்ணெய் சிந்தின மாதிரி.

செத்த கொடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, அழுகி, உதிர்ந்துபோய் இருக்கும். பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படாது. "குளிர் அதிகம்", "மண் களைச்சுப் போச்சு", "கடவுள் கோபம்" என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள்.

1868 ஜூலை 15. மான்ட்பெல்லியரிலிருந்து மூன்று பேர் கொண்ட ஒரு குழு, ஆர்ல் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் சான் மார்ட்டான் த க்ரோ என்ற ஊருக்குப் போகிறது. தாவரவியல் பேராசிரியர் ஜூல் எமில் ப்லான்ஷான், காஸ்தோன் பசீல், ஃபெலிக்ஸ் சாயூ. இவர்களும் முதலில் செத்த கொடிகளைத்தான் தோண்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்புறம்தான், பக்கத்தில் இன்னும் பச்சையாக நின்ற ஒரு கொடியைத் தோண்டிப் பார்த்தார்கள்.

வேர் முழுக்க மஞ்சள் பொடி தூவினது போல இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தப் பொடி நகர்கிறது! ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சிகள், நம்ம ஊர் அசுவினிப் பூச்சிக்குச் சொந்தக்காரன். ஆயிரக்கணக்கில் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தன.

கொடி சாகும்போது சாறு வற்றுகிறது. உடனே பூச்சி அடுத்த கொடியின் வேருக்கு நகர்ந்துவிடுகிறது. செத்த கொடியில் தேடியவர்களுக்கு அது எப்படிக் கிடைக்கும்?

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு ஒரு நோயாளி நினைவுக்கு வந்தார். பயிற்சி மருத்துவராக இருந்த காலம். முற்றிய காசநோயோடு ஒரு லாரி டிரைவர் அட்மிட் ஆகியிருந்தார். நான் அவருடைய எக்ஸ்ரேயையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரவுண்ட்ஸ் வந்த என் பேராசிரியர் எக்ஸ்ரேயைப் பார்க்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். "பாப்பா, உனக்கு எத்தனை நாளா இருமல்?" என்றார். அந்தப் பெண்ணுக்கும் காசநோய் இருந்தது. சீக்கிரமே கண்டுபிடித்ததால் ஆறு மாத சிகிச்சையில் முழுதாகக் குணமானாள். காசநோயாளி ஒருவர் வந்தால் அந்த வீட்டில் இருக்கும் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது.

ப்லான்ஷான் குழு செய்ததும் அதுதான். நல்லா இருக்கிற மாதிரி தெரிகிற பக்கத்துக் கொடியைப் பார்த்தார்கள்.

அந்தப் பூச்சிக்கு அவர் கடைசியில் வைத்த பெயர் ஃபிலாக்ஸெரா வாஸ்டாட்ரிக்ஸ். வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் 'நாசம் செய்பவள்'. பெண்பாலில் சொன்னதும் பொருத்தம்தான். இந்தப் பூச்சியில் பெண்ணே ஆண் துணையில்லாமல் முட்டையிடும். ஒரே கோடையில் பல தலைமுறை உருவாகிவிடும்.

சரி, காரணம் தெரிஞ்சு போச்சு, பிரச்சனை முடிஞ்சுதுன்னு நினைக்கிறீங்களா? இல்லைங்க. சண்டையே இனிமேல்தான்.

"பூச்சி காரணம் இல்லை, விளைவு. கொடி ஏற்கனவே பலவீனமாகிவிட்டது, அதனால்தான் பூச்சி வருகிறது" என்று பாரிஸிலும் போர்டோவிலும் இருந்த பெரிய பெரிய ஆட்கள் வாதாடினார்கள். இதைக் கேட்டுச் சிரிக்காதீங்க. காலரா, காசநோய் விஷயத்திலும் அன்றைய மருத்துவ உலகம் இதையேதான் பேசிக்கொண்டிருந்தது. காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் காட்டியது 1882-ல்தான். பாஸ்டர், ஒயின் கெட்டுப்போவதற்கு நுண்ணுயிரிகள் காரணம் என்று எழுதிய புத்தகம் 1866-ல்தான் வந்திருந்தது. இன்னைக்கு பால் பாக்கெட்டில் பார்க்கிறோமே 'பாஸ்டரைஸ்டு' என்று, அவர் அந்த முறையை முதலில் செய்து பார்த்தது பாலில் இல்லை, ஒயினில்.

இந்த விவாதம் நடந்துகொண்டிருந்தபோதே பூச்சி ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தது. 1878-ல் பர்கண்டியின் மெர்சோ. 1890-ல் ஷாம்பெயின்.

கணக்கைப் பாருங்க. 1875-ல் ஃபிரான்ஸின் ஒயின் விளைச்சல் சுமார் 845 கோடி லிட்டர். 1889-ல் சுமார் 234 கோடி லிட்டர். பதினாலு வருஷத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக அழிந்துவிட்டது. கொடியை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் நிலத்தை விட்டுவிட்டு நகரங்களுக்குப் போயின, அல்ஜீரியாவுக்குக் கப்பல் ஏறின. காக்னாக் பிராந்தி கிடைக்காமல் போனதால் இங்கிலாந்தில் ஸ்காட்ச் விஸ்கிக்கு வாழ்வு வந்தது.

அரசாங்கம் பரிசு அறிவித்தது. முதலில் 20,000 ஃபிராங்க், 1874-ல் 3 லட்சம் ஃபிராங்க். நூற்றுக்கணக்கான வைத்தியங்கள் வந்து குவிந்தன. கொடியின் அடியில் உயிருள்ள தேரையைப் புதைத்தால் விஷத்தை அது இழுத்துக்கொள்ளும் என்றுகூட ஒருவர் சொன்னார். கோவிட் நேரத்தில் நமக்கு வந்த வாட்ஸப் வைத்தியங்களை நினைச்சுக்கோங்க.

உண்மையில் வேலை செய்தவை மூன்று.

ஒன்று, குளிர்காலத்தில் வாரக்கணக்கில் தோட்டத்தைத் தண்ணீரில் மூழ்கடிப்பது. பூச்சி மூச்சுமுட்டிச் சாகும். ஆனால் சமவெளிக்கு மட்டும்தான் இது சரிவரும். நல்ல ஒயின் விளைவது பெரும்பாலும் மலைச்சரிவில்.

இரண்டு, மணலில் நடுவது. மணலில் பூச்சியால் நகர முடியாது. மத்தியதரைக் கடலோரம் எக்-மோர்த் பக்கத்து மணல் தோட்டங்கள் இப்படித்தான் தப்பின.

மூன்று, கார்பன் டை சல்ஃபைடு. பெரிய ஊசி போன்ற ஒரு கருவியால் மண்ணுக்குள் செலுத்துவார்கள். பூச்சி சாகும், ஆனால் முழுசாகப் போகாது. வருஷா வருஷம் போடணும். விலை அதிகம், சட்டென்று தீப்பிடிக்கும். மனிதனின் நரம்பையும் மனநிலையையும் அது கெடுக்கும் என்பதை பாரிஸ் ரப்பர் தொழிலாளர்களிடம் பார்த்து டெல்பெக் என்ற மருத்துவர் 1856-லேயே எழுதியிருந்தார்.

நான்காவதாக ஒரு வழி இருந்தது. அதைச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் சார்லஸ் ரைலி என்ற பூச்சியியலாளர். 1871-ல் ஃபிரான்ஸுக்கே வந்து பார்த்து, "இது எங்க ஊர்ப் பூச்சிதான்" என்று உறுதி செய்தார். அப்படியென்றால் அமெரிக்கக் கொடிகள் ஏன் சாகவில்லை? பல ஆயிரம் ஆண்டுகளாக அந்தப் பூச்சியோடு சேர்ந்து வாழ்ந்து பழகியவை அவை. பூச்சி கடித்த இடத்தில் தக்கை போன்ற ஒரு படலத்தை உண்டாக்கிக் காயத்தை அடைத்துக்கொள்ளும். ஐரோப்பியக் கொடிக்கு அந்தப் பழக்கம் இல்லை. கடித்த இடம் வீங்கும், வெடிக்கும், மண்ணில் இருக்கும் பூஞ்சைகள் உள்ளே புகுந்து அழுகும்.

அப்படின்னா அமெரிக்கக் கொடியையே நட்டுவிடலாமே? நட்டார்கள். ஆனால் அதன் பழத்தில் ஒரு காட்டு வாடை. அந்த ஒயினைக் குடித்து முகம் சுளித்தார்கள்.

நம்ம ஊரில் ஒட்டு மாங்கன்று பார்த்திருப்பீங்க. கீழே நாட்டு மாமரத்தின் வேர், மேலே மல்கோவா. பழம் மல்கோவாவாகத்தான் இருக்கும். அதேதான் இங்கேயும். கீழே அமெரிக்க வேர், மேலே ஃபிரெஞ்சுக் கொடி. பழமும் ருசியும் ஃபிரெஞ்சு. 1869-லேயே இந்த யோசனை பேச்சில் வந்துவிட்டது. 1873-ல் ப்லான்ஷான் நேரே அமெரிக்காவுக்குப் போய்க் கொடிகளைப் பார்த்து வந்தார்.

ஆனால் பர்கண்டிக்காரர்களின் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. "நோயைக் கொண்டுவந்த கொடியையே எங்க நிலத்தில் நடுவதா?" அமெரிக்கக் கொடியை உள்ளே விடவே தடை போட்டார்கள். அந்தத் தடை நீங்கியது 1887-ல். அதுவரை மருந்தடித்துக்கொண்டே இருந்தார்கள். மருந்துக்குக் காசு இல்லாத சிறு விவசாயி என்ன ஆனான் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவர்களின் பயத்தை முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியாது. கட்டுக்கட்டாக அமெரிக்கக் கொடிகளை இறக்குமதி செய்ததில் 1878-ல் இன்னொரு நோய் வந்து சேர்ந்தது. அடிச்சாம்பல் நோய். சாம்பல் நோய்க்குத் தீர்வு தேடிப் பூச்சி வந்தது, பூச்சிக்குத் தீர்வு தேடி அடிச்சாம்பல் வந்தது.

இதற்கு மருந்து கிடைத்த விதம் சுவாரசியமானது. மெடோக் பகுதியில் சாலையோரத் தோட்டங்களில் வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்பார்கள். அதைத் தடுக்க, விஷம் போலத் தெரியட்டும் என்று மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து இலையில் தெளித்து வைத்திருந்தார்கள். 1882-ல் அந்தப் பக்கம் போன பேராசிரியர் மில்லார்தே, சாலையோரக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததைக் கவனித்தார். சோதித்துப் பார்த்து 1885-ல் வெளியிட்டார். இன்றைக்கு நம்ம வெற்றிலைக் கொடிக்கால்காரரும் காபித் தோட்டக்காரரும் அடிக்கிற 'போர்டோ கலவை' இதுதான். பெயரிலேயே ஊர் இருக்கு பாருங்க.

இன்னொரு சிக்கல். ஷாம்பெயின், காக்னாக் பகுதிகளில் சுண்ணாம்பு மண். அங்கே அமெரிக்க வேர்களை நட்டால் இலை வெளிறிப்போனது. சுண்ணாம்பு மண்ணில் அந்த வேரால் இரும்புச் சத்தை எடுக்க முடியவில்லை. நம்ம ரத்தசோகைக்குத் தூரத்துச் சொந்தம்னு வைங்களேன். 1887-ல் பியேர் வியாலா என்ற பேராசிரியரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். டெக்சாஸில் தாமஸ் மன்சன் என்ற திராட்சை ஆராய்ச்சியாளர், சுண்ணாம்புக் குன்றுகளில் இயற்கையாக வளரும் பெர்லாண்டியேரி என்ற காட்டுக் கொடியைக் காட்டினார். அதன் ரத்தம் கலந்த வேர்கள்தான் இன்றும் ஷாம்பெயின் மண்ணில் நிற்கின்றன. அதில் முக்கியமான '41பி' என்ற கலப்பு வேரை உருவாக்கியதும் அதே மில்லார்தேதான்.

அந்த 3 லட்சம் ஃபிராங்க் பரிசு? கடைசி வரை யாருக்கும் கொடுக்கவில்லை. அமெரிக்கக் கொடியின் எதிர்ப்புச் சக்தியை முதலில் எடுத்துச் சொன்ன போர்டோக்காரர் லாலிமான் உரிமை கோரினார். "நீ நோயைக் குணப்படுத்தவில்லை, வராமல் தடுக்கத்தான் செய்தாய்" என்று மறுத்துவிட்டார்கள். ஊசி போட்டுக் காப்பாற்றினால் கையெடுத்துக் கும்பிடுவார்கள், தடுப்பூசி போட்டுக் காப்பாற்றினால் யாருக்கும் தெரியாது. எங்க தொழிலிலும் இதே கதைதான்.

தோட்டங்கள் திரும்பின. நிலத்தின் தோற்றமே மாறிவிட்டது. பர்கண்டியில் அதுவரை கொடியை வளைத்துப் பதியம் போட்டுப் போட்டு, வரிசையே இல்லாமல் புதர் போல நெருக்கமாக வளர்த்தார்கள். ஒட்டுக்கொடியைப் பதியம் போட முடியாது, போட்டால் மேல் பகுதி சொந்த வேர் விட்டுவிடும். அதனால் வரிசையாக நட்டார்கள். படங்களில் பார்க்கிறோமே, அழகான நேர்க்கோட்டுத் திராட்சைத் தோட்டங்கள், அந்த அழகுக்கும் இந்த நோய்தான் காரணம்.

ஆனால் பஞ்சம் நடந்த இடத்தில் கள்ளச் சந்தையும் வளரும். ஒயின் இல்லாத வருஷங்களில் உலர்திராட்சையை ஊறவைத்தும் சர்க்கரைத் தண்ணீர் சேர்த்தும் போலி ஒயின் செய்து பழகியவர்கள், நல்ல ஒயின் திரும்பிய பிறகும் நிறுத்தவில்லை. தெற்கே லாங்குடாக் பகுதியில் விலை தரையைத் தொட்டது. 1907-ல் மார்செலின் ஆல்பேர் என்ற சிறு விவசாயியின் பின்னால் லட்சக்கணக்கில் மக்கள் திரண்டார்கள். நார்போன் நகரில் ராணுவம் சுட்டது, உயிர்கள் போயின. 1911-ல் ஷாம்பெயினில் வெளியூர்த் திராட்சையை வைத்து ஷாம்பெயின் செய்வதை எதிர்த்துக் கலவரம் வெடித்தது.

இந்த ரத்தத்துக்குப் பிறகுதான், பாட்டிலில் இருக்கும் ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. 1935-ல் வந்த சட்டம் ஊர், ரகம், விளைச்சல் அளவு எல்லாவற்றுக்கும் விதி வகுத்தது. 1936-ல் முதலில் அங்கீகாரம் பெற்ற ஊர்களில் ஒன்று ஷாத்தோநெஃப் தியு பாப். அது எங்கே இருக்கு தெரியுமா? அந்த அமெரிக்கப் பெட்டி வந்து இறங்கிய ரோக்மோருக்கு நேர் எதிரே, ஆற்றின் அக்கரையில்.

கடைசியாக ஒன்று.

பர்கண்டியில் ரோமானே-கோன்தி என்ற தோட்டம். உலகின் மிக விலை உயர்ந்த ஒயின்களில் ஒன்று அங்கே விளைகிறது. அவர்கள் மட்டும் ஒட்டுக்கட்ட மறுத்து, பல பத்தாண்டுகள் கார்பன் டை சல்ஃபைடு ஊசியிலேயே பழைய கொடிகளை உயிரோடு வைத்திருந்தார்கள். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளி மாதிரி. இரண்டாம் உலகப் போரில் மருந்து கிடைக்கவில்லை. 1945 அறுவடைக்குப் பிறகு அந்தக் கொடிகளைப் பிடுங்கினார்கள். மறுபடி அந்தத் தோட்டத்து ஒயின் வந்தது 1952-ல். ஒட்டுக்கொடியில், அமெரிக்க வேரில்.

பூச்சி போய்விட்டதா? இல்லை. இன்றைக்கும் அந்த மண்ணில்தான் இருக்கிறது. 1980-களில் கலிஃபோர்னியாக்காரர்கள், ஃபிரெஞ்சுக்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய, பாதி ஐரோப்பிய ரத்தம் கலந்த ஒரு வேரை நம்பி நட்டிருந்தார்கள். நாபாவிலும் சோனோமாவிலும் ஆயிரக்கணக்கான ஏக்கரைப் பிடுங்கி மறுபடி நடவேண்டி வந்தது. பூச்சி அழியவில்லை, வேர் தாங்குகிறது, அவ்வளவுதான்.

மான்ட்பெல்லியர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சின்னப் பூங்காவில் ப்லான்ஷானுக்குச் சிலை இருக்கிறது. கீழே ஒரு விவசாயி அவருக்குத் திராட்சைக் குலையை நீட்டுவது போல. அந்தப் பக்கம் போகிறவர்கள் நின்று ஒரு நிமிஷம் பாருங்க.

வீட்டில் யாராவது ரெண்டு வாரத்துக்கு மேல் இருமினால் அவரை மட்டும் கூட்டிக்கொண்டு வராதீங்க. வீட்டில் இருக்கிற எல்லோரும் வாங்க.